அப்பா நடக்கிறார்... ஆனால் ரோட்டைத் தாண்டுவாரா? 10 மீட்டர் சோதனை சொல்லும் பதில்

“அதான் அப்பா நடக்கிறாரே, அப்புறம் என்ன?” பக்கவாதத்துக்குப் பிறகு பிசியோதெரபிக்கு அழைத்து வரும் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் கேட்கின்றன. பிசியோதெரபிஸ்ட்டின் கேள்வி வேறு: எவ்வளவு வேகமாக நடக்கிறார்?

இதை அளக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். 14 மீட்டர் நேர்பாதை, தரையில் ஒட்ட டேப், ஒரு ஸ்டாப்வாட்ச். போனில் இருப்பதே போதும். முதல் 2 மீட்டர் வேகம் பிடிக்க, கடைசி 2 மீட்டர் வேகம் குறைய. நடுவில் உள்ள 10 மீட்டருக்கு மட்டும்தான் நேரம் எடுக்கிறார்கள். 20 நொடி ஆனால் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். அவ்வளவுதான்.

கேட்க ஈஸிதான். தப்பு நடப்பது சின்ன விஷயங்களில். “எப்பவும் நடக்கிற மாதிரியே நடங்க” என்றுதான் சொல்ல வேண்டும். தெரபிஸ்ட் முன்னால் போனால் நோயாளி அவர் வேகத்துக்கு இழுபடுவார். அதனால் பக்கவாட்டில், சற்றுப் பின்னால், தடுமாறினால் பிடிக்கும் தூரத்தில் வருவார். நடுவே பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஊன்றுகோலோடு நடக்கலாம், ஆனால் அதைக் குறித்து வைக்க வேண்டும். இன்றைக்கு வாக்கர், அடுத்த மாதம் வெறுங்கை என்றால் எதை எதோடு ஒப்பிடுவது?

0.4, 0.8: இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் பணியாற்றிய எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் ஜாக்குலின் பெர்ரி. முதலில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்து பிறகு டாக்டரானவர். 1995-இல் இவரது குழு, பக்கவாதம் வந்த 147 பேரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைதான் ஆரம்பம். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் நடமாட்டம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். 0.4 முதல் 0.8 வரை வெளியே ஓரளவு போய்வரலாம். 0.8-க்கு மேல் போனால் வெளியிடங்களில் சுதந்திரமாக நடக்க முடிகிறது.

அந்த 0.8 கூட அமெரிக்க சிக்னலுக்குப் பத்தாது என்பதுதான் சங்கடம். அங்கே பாதசாரி நொடிக்கு 4 அடி நடப்பார் என்று கணக்கிட்டு வந்தார்கள். 2009-இல் அதை 3.5 அடியாக, அதாவது சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தார்கள். இந்தக் கணக்குப்படி 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க சுமார் 11 நொடி. 0.8-இல் நடப்பவருக்கு 15 நொடி வேண்டும். 0.5-இல் நடப்பவருக்கு 24 நொடி. பச்சை விளக்கு அணையப் போகும் நேரத்தில் இறங்கினால் பாதிச் சாலையில் நிற்பார்.

முன்னேற்றத்தையும் இந்த எண் காட்டிக் கொடுக்கும். வேகம் 0.1 மீட்டர் கூடினாலே அதைக் கணிசமான மாற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். 20 நொடி எடுத்தவர் 17 நொடிக்குள் முடித்தால் அதைத் தொட்டுவிடுவார். தினமும் பார்க்கும் வீட்டாருக்கு அந்த 3 நொடி கண்ணில் படாது. “அப்படியேதான் இருக்கார்” என்று தெரபியை நிறுத்திவிடுவதும் உண்டு.

எவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பார் என்பதை இது சொல்லாது. அதற்கு 6 நிமிட நடைச் சோதனை தனியாக இருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று “நடக்கிறார்” என்று சொன்னால், “நொடிக்கு எத்தனை மீட்டர்? போன தடவை எவ்வளவு?” என்று கேளுங்கள்.