அலைகளின் இயல்பும் ஆழிப்பேரலை எச்சரிக்கையும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஏறத்தாழ 6.30 மணிக்கு, சுமத்ராவின் வடபகுதியை அடுத்த கடலடியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் நில அதிர்வுகள் சில நிமிடங்களிலேயே இந்தியப் பதிவு நிலையங்களை எட்டின. ஆனால், அதே நிலநடுக்கம் எழுப்பிய கடலலை சென்னைக் கரையை அடைய இரண்டரை மணி நேரம் பிடித்தது. இந்த இடைவெளியைப் பயன்படுத்தி மக்களை எச்சரிக்கும் ஏற்பாடு இந்துமாக்கடலில் அன்று இல்லை. நம் நாட்டில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே நிகழ்ச்சியில் தோன்றிய அலைகள் இத்துணை மாறுபட்ட வேகத்தில் சென்றது ஏன் என்பதை அறிய, அலைகளின் வகைகளையும் பண்புகளையும் அறிதல் வேண்டும்.

அலை என்பது யாது?

அலை என்பது ஆற்றலின் பயணமேயன்றிப் பொருளின் பயணமன்று. ஒரு முனை கட்டப்பட்ட கயிற்றின் மறுமுனையை உதறினால், அசைவு கயிறு நெடுகச் செல்கிறது; கயிறோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுநிலையிலிருந்து முகடு எழும் உயரம் வீச்சு எனப்படும். அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் அலைநீளம். ஒரு நொடியில் கடந்து செல்லும் முகடுகளின் எண்ணிக்கை அதிர்வெண். அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம் கிடைக்கும்.

வகைகள்

பரவுவதற்கு ஊடகம் வேண்டுபவை எந்திர அலைகள். ஒலி, நீரலை, நில அதிர்வு ஆகியன இவ்வகையின. ஒளியும் வானொலி அலையும் மின்காந்த அலைகள். இவை வெற்றிடத்திலும் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்.

எந்திர அலைகளிலும் இரு பிரிவுகள் உண்டு. துகள்கள் அலை செல்லும் திசையிலேயே முன்பின் அசைந்தால் அது நெட்டலை. அத்திசைக்குக் குறுக்கே அசைந்தால் அது குறுக்கலை. நில அதிர்வில் இரண்டும் உள்ளன. புவியின் மேலோட்டில் நெட்டலை நொடிக்கு 6 கிலோமீட்டர் அளவில் விரைந்து முதலில் வருகிறது, குறுக்கலை 3.5 கிலோமீட்டர் அளவில் பின்தொடர்கிறது. இவ்விரண்டின் வருகைக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டே நிலநடுக்க மையத்தின் தூரம் கணிக்கப்படுகிறது.

கடலில் நிகழ்வது

ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டராகக் குறையும். முன்பகுதி தளர, பின்பகுதி நெருக்க, அலைநீளம் சுருங்கி வீச்சு பெருகுகிறது. 2004இல் ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டரே. அதே அலைதான் கரையில் பன்மடங்காக உயர்ந்தது.

தடையைச் சுற்றி வளைவதும் அலையின் பண்பாகும். இலங்கையின் மறைவில் இருந்தும் கேரளத்தின் கொல்லம் கடற்கரை தாக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

எச்சரிக்கை ஏற்பாடு

2007 அக்டோபரில் ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. நில அதிர்வு முதற்செய்தியைத் தருகிறது. பேரலை உண்மையில் எழுந்துள்ளதா என்பதை ஆழ்கடல் அழுத்தமானிகள் உணர்கின்றன. அச்செய்தியை மின்காந்த அலைகள் செயற்கைக்கோள் வழியே நொடிகளில் கொண்டுவருகின்றன. இச்சரிபார்ப்பு இன்றியமையாதது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்ரா அருகே 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டும், கடற்பாறை பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரழிவு அலை எழவில்லை.

எனினும், கருவிகளால் மட்டும் உயிர்களைக் காத்துவிட இயலாது. நிக்கோபார்த் தீவுகளுக்கு அலை அரைமணிக்குள் வந்துவிடக்கூடும். அங்கே கடும் நில அதிர்வே எச்சரிக்கை. அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டு நிலத்தை நாட வேண்டும். கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என எண்ணுவதும் தவறு. 2004இல் தாய்லாந்துக் கரையை முதலில் எட்டியது அலையின் பள்ளம்; அதனால் அங்கே கடல் உள்வாங்கியது. இந்தியாவை நோக்கி வந்ததோ முகடே. முதல் அலை வடிந்தபின் அதனினும் பெரியது வரக்கூடும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி ஆகிய இரு சிற்றூர்கள் ஆழிப்பேரலையை எதிர்கொள்ள ஆயத்தமானவை என யுனெஸ்கோவின் அரசிடைக் கடலியல் ஆணையத்தால் 2020இல் அங்கீகரிக்கப்பட்டன. பாடநூலில் உள்ள அலையியல் கடற்கரைச் சிற்றூர்தோறும் பொது அறிவாகும்போதுதான், நில அதிர்வுக்கும் கடலலைக்கும் இடையே இயற்கை அளிக்கும் அந்த நேரம் வீணாகாது.