புதையல் தேடும் புதிய விளையாட்டு

மணலை நீளக் கரைபோல் குவித்து, அதனுள் ஒரு சிறு குச்சியை ஒளித்து வைப்பார் ஒருவர். எதிரே அமர்ந்தவர் இரு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் இடம் இதுவே என்று மணலைப் பொத்திக் காட்ட வேண்டும். 'கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்' என்னும் இவ்விளையாட்டை நேயர்களில் பலர் இளமையில் ஆடியிருப்பீர்கள். முற்றத்து மணலில் ஆடிய அதனை உலகப் பரப்பு முழுவதற்கும் விரித்தால் எப்படி இருக்கும்? அவ்வாறு விரிந்ததே ஆங்கிலத்தில் 'ஜியோகேச்சிங்' எனப் பெயர் பெற்ற விளையாட்டு. ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுகிறார். மற்றவர் அவ்வெண்களைத் துணைக்கொண்டு தேடிச் சென்று, பெட்டியைக் கண்டு, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை முன்பு இருந்தவாறே வைத்துத் திரும்புகிறார்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் காலங்கழிக்கும் நமக்கு, எந்தப் புதுச் சொல்லைக் கேட்டாலும் அதனைத் தமிழில் எவ்வாறு கூறலாம் என்ற எண்ணமே முதலில் எழும். 'ஜியோ' என்பது புவியைக் குறிக்கும். 'கேஷ்' என்பது ஒளித்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அதனைப் பணம் என்று கொண்டு, பெட்டிக்குள் ரொக்கம் இருக்கும் என எதிர்பார்த்த நண்பர் ஒருவரும் நமக்கு உண்டு. குழப்பத்துக்கு இடமின்றி, இங்கு நாம் அதனை 'மறைபெட்டி' என்றே வழங்குவோம்.

பிறந்த கதை

இவ்விளையாட்டின் மூதாதை இங்கிலாந்தில் தோன்றியது. டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில், சென்றடைய அரிதான கிரான்மியர் குட்டையருகே, 1854-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெராட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார். அங்கு வந்தோர் தம் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் சென்றனர். அவ்வழக்கம் மெல்லப் பரவியது.

இன்றைய வடிவம் பிறப்பதற்குச் செயற்கைக்கோள்கள் வேண்டியிருந்தன. அமெரிக்க அரசு வானில் நிறுவிய இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் குறிகளில், பொதுமக்களுக்கென வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அப்பிழை நீக்கப்பெற்றது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு, காட்டோரத்தில் வைத்து, இடத்தின் எண்களை அறிவித்தார். சில நாள்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மறைபெட்டிகள் உள்ளன. நம் நாட்டில் இவ்விளையாட்டு இன்னும் பரவலாகவில்லை. ஆகவேதான், தொடங்கும்போதே அதன் ஒழுங்குகளையும் அறிந்து தொடங்குதல் நலம்.

எண்களும் இடமும்

பூமியில் ஓரிடத்தை எண்களால் சுட்டும் கலை நமக்குப் புதிதன்று. இந்தியப் பெருநிலத்தை அளக்கும் மாபெரும் முக்கோண அளவைப் பணிக்கு அடிக்கோடு வரையப்பட்டது சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில்தான். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் லாம்டன் அதனைத் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிகளைப் பெற்று, நாம் நிற்குமிடத்தைச் சில நொடிகளில் கூறிவிடுகிறது.

எனினும் எண்களைப் படிப்பதில் கவனம் வேண்டும். ஒரு பாகையில் 60 கலைகள் உண்டு. இவ்விளையாட்டில் பாகையையும், கலையையும், கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலும் எழுதுவர். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு அட்சரேகையில் ஏறத்தாழ 1.85 மீட்டராகும். வேறு சில வரைபடங்களோ பாகையைத் தசமமாகவே காட்டும். முதன்முதலில் தேடப் புறப்பட்டபோது நாம் தவறியது இங்கேதான். ஸ்ரீ விஜய புரம் நகரத்து இடமொன்றை 11 பாகை 40 கலை, 92 பாகை 44 கலை என்று குறித்துக்கொண்டு, அதனை 11.40 என்றும் 92.44 என்றும் கருவியில் இட்டோம். கருவி எவ்விதத் தயக்கமுமின்றி, நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால், ரட்லாண்டுத் தீவுக்கு மேற்கே நடுக்கடலைக் காட்டிற்று. நாற்பது கலையைத் தசமமாக்கினால் 0.667 என்று வரும், 0.40 அன்று. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இலக்கண வேறுபாட்டை மறந்து செய்த பிழையாக இதனைக் கொள்க.

எண்கள் சரியாக இருப்பினும் கருவி துல்லியமாக ஓரடிக்குள் கொண்டு சேர்க்காது. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வரையும், அடர்ந்த மரங்களின் கீழ் அதனினும் மிகுதியாகவும் வேறுபடும். கடைசிப் பத்தடியில் கருவியைப் பையிலிட்டுக் கண்ணையும் அறிவையும் பயன்படுத்த வேண்டும். மணற்கரையில் குச்சி தேடிய அதே கலை இங்கு மீண்டும் உதவுகிறது.

வேண்டும் பொருள்கள்

பெருஞ்செலவு எதுவும் இல்லை. இடங்காட்டும் வசதியுள்ள கைப்பேசி போதும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கடலடி வடம் இயங்கத் தொடங்கியபின் இணையத் தொடர்பு மேம்பட்டது. ஆயினும் காட்டுப் பகுதிகளில் தொடர்பு கிட்டாத இடங்கள் பல. ஆகையால் வரைபடத்தை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்க. மின்சேமிப்புக் கருவி ஒன்றும் உடனிருக்கட்டும். குறிப்பேட்டில் எழுதப் பென்சிலே உகந்தது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இவ்விடத்தில் மை கரைந்துவிடும். பொந்துகளில் வெறுங்கையை நுழைத்தல் ஆகாது. பூரானும் பாம்பும் அங்கே குடியிருக்கக்கூடும். முதலில் ஒரு கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். கடற்கரைக்குச் செல்வோர் அன்றைய ஓத நேரங்களை அறிந்து செல்வதும், முதலை எச்சரிக்கைப் பலகைகளை மதிப்பதும் உயிர்க் காப்பாகும்.

ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை உரிமமின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றமாகும். வெளிநாட்டில் மலையேறுவோர் இயல்பாகக் கொண்டு செல்லும் சில கருவிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. வெளிநாட்டு உறவினர் பரிசாகக் கொடுத்ததாயினும் விசாரித்தறிந்த பின்னரே கையாளுக.

தேடுவோர் ஒழுக்கம்

பெட்டியில் சிறு விளையாட்டுப் பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததற்கு நிகரான அல்லது மேலான மதிப்புள்ள ஒன்றை ஈடாக வைத்தல் வேண்டும். உணவுப் பொருள் வைத்தால் விலங்குகள் பெட்டியைக் கடித்துப் பிரிக்கும். ஆகவே அது கூடாது. குறிப்பேட்டில் பெயரும் நாளும் எழுதி, மூடியை இறுக மூடி, இருந்த இடத்திலேயே வைத்தல் வேண்டும். இன்னும் நல்ல இடம் என்று நமக்குத் தோன்றினாலும் மாற்றி வைக்கக் கூடாது. விளையாட்டை அறியாத வழிப்போக்கர் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் செல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் காணும் குப்பையை ஒரு பையில் சேர்த்து எடுத்து வருதல் இவ்விளையாட்டினர் உலகெங்கும் போற்றும் வழக்கம்.

மறைப்போர் விதிகள்

தேடுதல் எளிது, மறைத்தலே பொறுப்பு மிக்கது. நிலத்துக்கு உரியவரின் அனுமதி பெற வேண்டும். பெட்டியைப் புதைப்பதற்காகக் குழி தோண்டுதல் ஆகாது. ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். இது மைலில் பத்தில் ஒரு பங்கு. ஆயுதம், வெடிபொருள், மது முதலியன உள்ளே இருத்தல் கூடாது. வைத்தவர் அவ்வப்போது சென்று பழுது பார்க்க வேண்டும். ஐந்து நாள் சுற்றுலாவாக வந்தவர் ஒரு பெட்டியை வைத்துவிட்டு விமானம் ஏறினால், ஆறு மாதத்தில் அது வெறும் குப்பை. இரும்புப் பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். இறுகிய மூடியுடைய, உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவே ஏற்றது. அதன்மேல் இன்னது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

இவ்விதிகளின் அருமையை நாம் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளை மகிழ்விக்க எண்ணி, ஒரு சிறு டப்பாவைக் கறுப்பு நாடாவால் சுற்றி, ஒரு கடற்கரைப் பூங்காவின் கல்லிருக்கைக்கு அடியில் மாலையில் வைத்து வந்தோம். எவரிடமும் கேட்கவில்லை. விளையாட்டுத்தானே என்ற எண்ணம். மறுநாள் காலை பிள்ளைகளுடன் சென்றபோது, பூங்காவைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டிருந்தது. காவலர் நின்றனர். விடியற்காலையில் பெருக்க வந்த அம்மையார் டப்பாவைக் கண்டு அலறி ஓடிவந்து செய்தி கூறியிருக்கிறார். கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர் என்று பேருந்து நிலையத்திலும் துறைமுகத்திலும் நாள்தோறும் கேட்பவரல்லவா? அவர் செய்ததே சரி.

முன்சென்று, வைத்தவர் நாமே என்று கூறினோம். திறந்து காட்டும்படி பணித்தனர். ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், நான்கு கோலிக்குண்டுகள். பிள்ளைகள் முன்னிலையில் அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தபோது நம் கை நடுங்கிற்று. அதிகாரி கடிந்துகொள்ளவில்லை. "அந்த அம்மா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றார். சென்றோம். மரத்தடியில் அமர்ந்திருந்த அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்து, "விளையாட்டு என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றார். அனுமதி என்பது அலுவலகத்தில் பெறும் முத்திரை மட்டுமே என்று எண்ணியிருந்தோம். அந்த இடத்தை நாள்தோறும் பேணுகின்ற கைகளுக்கும் அதில் பங்குண்டு என்பது அன்று விளங்கிற்று.

இத்தீவுகளில்

அந்தமான் நிக்கோபாரில் இவ்விதிகள் இன்னும் கடுமையாகின்றன. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் எதையும் விட்டு வரலாகாது. கிளிஞ்சலும் பவளமும் எடுத்து வரலாகாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, காப்பகப் பகுதிகளுள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஜாரவா மக்களின் காப்பகத்தை ஊடுருவிச் செல்லும் நெடுஞ்சாலையில் வண்டிகள் காவலுடன் அணியாகவே செல்லும். வழியில் இறங்கவோ படமெடுக்கவோ கூடாது.

2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிநாட்டவர் ஒருவர் இடங்காட்டும் கருவியின் துணையுடன் சிறு படகில் வடக்கு சென்டினல் தீவுக்குச் சென்று, கரையில் ஒரு தேங்காயையும் ஒரு குளிர்பான டப்பாவையும் விட்டு வந்தார் எனக் காவல்துறை அறிவித்தது. அவர் கைது செய்யப்பட்டார். வெளியுலக நோய்களை எதிர்க்கும் ஆற்றலற்ற ஒரு சிறு கூட்டத்தாரின் கரையில் அந்நியர் கால் வைப்பதே பேராபத்து. அவர் ஆடியது நாம் கூறும் விளையாட்டு அன்று. ஆயினும் எண்கள் தெரிந்த இடமெல்லாம் நாம் செல்லத்தக்க இடமன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அப்படியாயின் இங்கு விளையாடவே இயலாதா? இயலும். 2004-ஆம் ஆண்டில் 'எர்த்கேஷ்' என்றொரு வகை தோன்றியது. அதில் பெட்டியே கிடையாது. வருவோர் குறித்த இடத்தை அடைந்து, அங்குள்ள பாறை, மண், நீர் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கி, வினாக்களுக்கு விடை அனுப்ப வேண்டும். எதுவும் வைக்கப்படுவதில்லை, எதுவும் எடுக்கப்படுவதும் இல்லை. சேற்றெரிமலையும் சுண்ணாம்புக் குகையும் உடைய இத்தீவுகளுக்கு இதைவிட இசைந்த முறை வேறில்லை. பெட்டிதான் வேண்டும் என்போர், அண்டை வீட்டார் யாவரிடமும் சொல்லிவிட்டுத் தம் குடியிருப்பு வளாகத்திலேயே வைக்கலாம். நாம் இப்பொழுது அவ்வாறே செய்கிறோம்.

நிலமே நிலையற்றது என்பதையும் இங்குள்ளோர் அறிவர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடித்தளம் நீருக்குள் ஆயிற்று. எண்கள் மாறவில்லை, அவை சுட்டிய மண்தான் கடலாயிற்று. வைத்த பெட்டியை மீண்டும் மீண்டும் சென்று பார்க்க வேண்டும் என்ற விதி இத்தகைய இடங்களில் வெறும் சம்பிரதாயமன்று.

தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பிழைப்பின் நிமித்தம் பிற மாநிலம் வந்த நாம், அலுவலகம், கடைத்தெரு, கோயில் என்ற முக்கோணத்துக்குள்ளேயே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறோம். அடுத்த தெருவின் பழைய கிணறும், குன்றின் மேலுள்ள கல்மண்டபமும் நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஒரு ஞாயிறு மாலை அவர்களை அழைத்துக்கொண்டு இவ்வெண்களின் பின்னே நடந்து பாருங்கள். வாழ வந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகமாகும். பின்னர் நீங்களே ஒரு பெட்டியை வைக்க விரும்பும் நாள் வரும். அப்பொழுது முதலில், அவ்விடத்தைப் பெருக்கும் அம்மையாரைத் தேடிச் சென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.