எச்சரிக்கை யாரிடம் சேர்ந்தது?

2025-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி மாலை, சண்டிகரிலுள்ள ராணுவப் புவித்தகவல் ஆராய்ச்சி நிலையத்தார் ஓர் எச்சரிக்கை வெளியிட்டனர். சமோலி முதலிய உத்தராகண்ட ஜில்லாக்களில், 2,400 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட இடங்களில் பனிச்சரிவு நேரக்கூடும் என்பது அதன் சாரம். மறுநாள் விடியற்காலை, அதே சமோலி ஜில்லாவில், பதரிநாத்துக்குச் சிறிது அப்பாலுள்ள மாணா கிராமத்தருகே, சுமார் 3,200 மீட்டர் உயரத்தில், எல்லைச் சாலை வேலைக்கு வந்திருந்த 54 பேரின் முகாம் மீது பனி சரிந்து இறங்கிற்று. 46 பேர் உயிருடன் மீண்டனர். எட்டுப் பேர் மாண்டனர்.

எச்சரிக்கையும் இருந்தது; ஆட்களும் அங்கேயே இருந்தனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு விளங்காத விஷயம் எதுவுமில்லை. உறைபனியில் இறங்கித் தோண்டிய ராணுவத்தாரையும் எல்லைக் காவல் படையினரையும் எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் மீட்டவர்களின் தீரத்தைப் பாராட்டும் ஆரவாரத்தில், மீட்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்ற கேள்வி அமுங்கிப் போவதை நாம் ஒப்பமாட்டோம். இதே ஜில்லாவில், 2021 ஏப்ரல் 23-ந் தேதி, சும்னாவுக்கு அருகில் இதே போன்றதொரு சாலைத் தொழிலாளர் முகாமைப் பனி மூடிற்று. நான்கு வருஷத்துக்குள் ஒரே ஜில்லாவில் இருமுறை நேர்ந்ததைத் தெய்வச் செயல் என்று சொல்லி ஓய்ந்துவிடலாகாது.

மாசி பங்குனியை நம் முன்னோர் பின்பனிக் காலம் என்றனர். நமக்கு அது புல்நுனியில் நிற்கும் பனி. இமயத்திலோ, குளிர்காலம் முழுதும் படிவு படிவாய்க் குவிந்த பனி தன் பிடிப்பை இழக்கும் பருவம் அதுதான். ஒரு படிவு கெட்டியாகவும் அதற்கடியிலுள்ளது மணல்போல் உதிர்வாகவும் இருக்கும். மேலே புதுப்பனி கொட்டினாலும், காற்று பனியை வாரிக் கொணர்ந்து ஒரு பக்கமாய்ச் சேர்த்தாலும், அந்தப் பலவீனமான படிவு பாரம் தாங்காது முறியும். 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள சரிவுகளில்தான் இது மிகுதி. அதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி அதிகம் தங்குவதில்லை. வெயில் ஏறும் நாட்களில் வேறொரு கேடும் உண்டு. உருகிய நீர் உள்ளே இறங்கிப் படிவுகளைக் குழைத்துவிடும். இரவில் வானம் தெளிந்து நன்றாக உறைந்தால், காலையில் மேற்பரப்பு பாறைபோல் இறுகி நிற்கும்; நடுப்பகலுக்குப் பின் அதே சரிவை நம்பலாகாது. இரவில் மேகம் மூடி உறையாதிருந்தால் காலையிலுமே நம்பலாகாது. மலைவழி செல்வோர் விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது இதனால்தான். புதுப்பனி கனத்துப் பெய்த நாட்களிலோ இந்த நேரக் கணக்கும் உதவாது. மாணாவில் பனி வந்தது விடியற்காலையில் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

புதைந்தவரைப் பத்து நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பர். அரை மணி கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. பெரும்பாலோர் மாள்வது குளிரால் அல்ல, மூச்சு முட்டியே. மாணாவில் பலர் பல மணி நேரத்துக்குப் பின்னும் பிழைத்தனரென்றால், அவர்கள் இருந்த இரும்புக் கண்டெய்னர்களுக்குள் மூச்சுவிடக் காற்று நின்றதே காரணம். வெட்டவெளியில் நடப்பவனுக்கு அந்த அறை ஏது? ஆகையால் மேல்நாடுகளில் பனிமலை ஏறுவோர் ஒவ்வொருவரும் இருப்பிடம் காட்டும் ரேடியோக் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வாரி இம்மூன்றுமின்றிப் புறப்படுவதில்லை. வெளியிலிருந்து உதவி வருமுன் கூட இருப்பவன்தான் தோண்டியாக வேண்டும்.

உல்லாசப் பிரயாணிகள் விஷயத்தில் குற்றம் வேறு விதம். 2023 ஏப்ரல் 4-ந் தேதி நண்பகல் வேளையில், காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் சாலையில் 15-வது மைல் அருகே பனி சரிந்து ஏழு பேர் இறந்தனர். பிரயாணிகளுக்கு அளித்த அனுமதிச் சீட்டு 13-வது மைல் வரைக்குமே செல்லும். அந்த இரண்டு மைலைக் கடக்க அவர்களை யார் விட்டது? சமவெளியிலிருந்து போகும் நம்மவருக்குப் பனி என்றால் படமெடுத்துக்கொள்ளும் வேடிக்கையாகத் தோன்றுகிறது. தலைக்கு மேலுள்ள சரிவை அண்ணாந்து பார்க்க வேண்டுமென்றே தோன்றுவதில்லை. 2016-ல் சியாசெனில் பனிக்கு இரையான மதராஸ் ரெஜிமெண்ட் வீரர் பதின்மரின் துயரம் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தது. ஆனால் போர்வீரன் நிற்கும் இடத்தை எல்லைக்கோடு தீர்மானிக்கிறது. கூலிக்காரனின் கொட்டகையை இருநூறு கஜம் தள்ளிப் போடுவதற்கு எந்த எல்லைக்கோடும் தடையில்லை.

நூறு ரூபாய்க் கடன் வழக்கிலுங்கூட, பிரதிவாதிக்குச் சம்மன் முறைப்படி சார்வாகவில்லையென்றால் ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்து மறு விசாரணை கேட்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட அறிவிப்புக்கு இந்த மரியாதையாவது வேண்டாமா? ஆராய்ச்சி நிலையத்தார் அறிவிப்பை வெளியிடுவதோடு அவர்கள் கடமை தீரலாம்; சர்க்காரின் கடமை தீராது. ஒவ்வொரு முகாமுக்கும் பெயர் குறிப்பிட்ட ஓர் அதிகாரி பொறுப்பாளியாக வேண்டும். எச்சரிக்கை எந்த மணிக்குக் கிடைத்தது, ஆட்களை எந்த மணிக்கு அகற்றினார் என்று அவர் கையெழுத்திட வேண்டும். முகாம் போடுமுன் அவ்விடம் பனிச்சரிவுப் பாதையா என்று படத்தோடு ஒத்துப் பார்த்து, அந்தப் படத்தைத் தொழிலாளருக்கு அவர்கள் பாஷையில் விளக்க வேண்டும். வெளி மாகாணங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் பனிமலையைக் கண்டிருப்பார்கள்?

திருமங்கையாழ்வார் பாடிய பதரிக்குச் சித்திரை வைகாசியில் நடை திறந்ததும் நம் யாத்திரிகர்கள் புறப்படுகின்றனர். அவர்கள் செல்லும் மலைப்பாதைகளில் முன்னதாகப் போய்ப் பனி வாரியவர்களும் இத்தகைய முகாம்களில் படுத்தவர்களே. அடுத்த மாசியில் முகாம் போடுமுன், பொறுப்பாளியின் பெயரைச் சர்க்கார் வெளியிடட்டும்.