வீட்டுக்கு ஒரு மேசைக் கணினி: விலைக்குறிப்பை வாசித்தறிதல்



தற்போக்குப் பெறுவழி நினைவகம் என்றால் என்ன என்று கேட்டால் உங்களில் அநேகர் யோசிக்காமலே விடை எழுதிவிடுவீர்கள். ஆனால் கடைக்காரர் தந்த விலைக்குறிப்பைக் கையில் கொடுத்து, "பிள்ளை, இதில எதை வாங்கலாம்?" என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் பாவித்த கணினி ஒன்றை வாங்கினார். "ஐ7, ஐ7" என்று பலமுறை சொல்லி விற்கப்பட்ட கணினி அது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோதுதான் அது 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ7 என்பது தெரிந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது ஐ7 தான். கேட்கவேண்டிய ஒரு கேள்வியை இவர்கள் கேட்கவில்லை, அவ்வளவே. அந்த மாணவர் அதே தவணையில் வன்பொருள் வினாவுக்கு நல்ல புள்ளி எடுத்திருந்தார் என்பதுதான் எனக்குக் கவலை. ஆகவே இவ்வலகில் நீங்கள் படித்த சொற்களை வைத்தே ஒரு விலைக்குறிப்பை வாசிக்கப் பழகுவோம்.

தேவையை முதலில் எழுதுக

கடைக்குப் போகுமுன் கணினி எதற்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். சாதாரண தரத் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்துக்குச் சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், முன்வைப்பு, தரவுத்தளம், பஸ்கால் நிரலாக்கம், இணையப்பக்கம் அமைத்தல் என்பன போதும். இவற்றில் எதுவுமே கணினியை வருத்தும் வேலையல்ல. இன்று ஒரு வீட்டுக் கணினியை உண்மையில் வருத்துவது இணைய உலாவிதான். நிகழ்நிலை வகுப்பு ஒரு பக்கம், காணொளி ஒரு பக்கம், பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் திறந்தபடி என்று இருக்கும்போதுதான் நினைவகம் நிரம்பும். பெரிய விளையாட்டுகளுக்கும் காணொளித் தொகுப்புக்கும் வேறு வகைக் கணினி வேண்டும். அதற்கு வேறு வரவுசெலவும் வேண்டும். அதை இங்கு பேசப்போவதில்லை.

முறைவழியாக்கி: பெயரைவிட இலக்கம் முக்கியம்

இதுவே இக்கட்டுரையின் முக்கிய பகுதி. ஊன்றி வாசியுங்கள்.

இன்ரெல் நிறுவனத்தின் முறைவழியாக்கிகளில் கோர் ஐ3, ஐ5, ஐ7 என்பன ஒரே காலத்தில் வெளிவந்தவற்றுள் தரப்படி எவை என்பதை மட்டுமே காட்டும். எந்தக் காலத்தது என்பதை அடுத்துவரும் இலக்கமே காட்டும். ஐ5-4590 என்பதில் முதல் இலக்கம் 4. எனவே அது நான்காம் தலைமுறை. ஐ5-8500 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கங்கள் இருந்தால் முதலிரண்டையும் எடுக்கவேண்டும். ஐ5-10400 பத்தாம் தலைமுறை, ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை. (2023 இறுதியில் கோர் அல்ட்ரா என்ற புதிய பெயரிடல் வந்தது. நம் வரவுசெலவில் அதைச் சந்திக்கும் வாய்ப்புக் குறைவு.)

இப்போது அந்த ஐ7 க்கு வருவோம். அது ஐ7-2600. 4 கருக்கள், 3.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறன், 8 மெகாபைற்று பதுக்கு நினைவகம். 2017 இல் வெளிவந்த ஐ3-8100 ஐப் பாருங்கள். அதிலும் 4 கருக்கள், 3.6 கிகாஹேர்ட்ஸ், 6 மெகாபைற்று பதுக்கு நினைவகம். தாளில் பார்த்தால் ஐ7 தாழ்ந்துவிடவில்லை, பதுக்கு நினைவகம் கூடவே இருக்கிறது. ஆனால் மீடிறன் ஒரு செக்கனில் எத்தனை கடிகாரத் துடிப்புகள் என்பதை மட்டும் சொல்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்வதில்லை. புதிய தலைமுறை ஒரே துடிப்பில் கூடுதல் வேலை முடிக்கும். வலுவிலும் வேறுபாடு உண்டு. இன்ரெல் குறித்துள்ள பெறுமானம் முன்னதற்கு 95 வாற்று, பின்னதற்கு 65 வாற்று. மீடிறனை மட்டும் ஒப்பிட்டு "எது வேகமானது?" என்று முடிவெடுப்பது, தலைமுறை ஒன்றாக இருக்கும்போது மாத்திரமே ஓரளவு சரி.

எட்டாம் தலைமுறை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 க்கு மைக்ரோசொவ்ற் விதித்துள்ள நிபந்தனைகளில் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்ரெல் ஆயின் மிகச்சில விதிவிலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன முறைவழியாக்கியும் அடங்கும். "இதிலயும் விண்டோஸ் 11 போட்டுத் தாறம்" என்று சில கடைகளில் சொல்வார்கள். நிபந்தனையைச் சுற்றிப்போய் நிறுவ முடியும் என்பது உண்மை. ஆனால் அவ்வாறு நிறுவிய கணினிக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசொவ்ற் பொறுப்பேற்பதில்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் வகையாயின், மாதிரி இலக்கம் மைக்ரோசொவ்ற் வெளியிட்டுள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பின் வாங்குங்கள்.

இலக்கத்தின் பின்னால் வரும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஐ5-8500டி என்று முடிந்தால் அது குறைந்த வலுவில் இயங்கும் வகை. சாதாரண ஐ5-8500 இன் அடிப்படை மீடிறன் 3.0 கிகாஹேர்ட்ஸ், இதற்கு 2.1 மட்டுமே. சிறிய பெட்டிக் கணினிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். வீட்டுத் தேவைக்கு இது போதும். ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும். ஐ5-10400எஃப் என்பது போல எஃப் எழுத்தில் முடிந்தால் உள்ளமைந்த வரைவியல் வசதி இல்லை. தனி வரைவியல் அட்டை வாங்காவிட்டால் திரையில் எதுவுமே தோன்றாது. புதிதாகப் பாகங்கள் கூட்டிக் கணினி அமைப்போர் மலிவு என்று எண்ணி ஏமாறும் இடம் இது.

நினைவகமும் சேமிப்பகமும்

தற்போக்குப் பெறுவழி நினைவகம் 8 கிகாபைற்று இருக்கட்டும். விண்டோஸ் 11 க்கு ஆகக்குறைந்தது 4 என்று எழுதப்பட்டிருந்தாலும், அது இயங்குவதற்குப் போதுமேயன்றி நீங்கள் வேலை செய்வதற்குப் போதாது. நான்காம் தலைமுறைக் கணினிகள் பொதுவாக டி.டி.ஆர்.3 வகையையும் எட்டாம் தலைமுறையுடையவை டி.டி.ஆர்.4 வகையையும் கொள்ளும். ஒன்றின் நினைவகத்தை மற்றதில் செருக முடியாது, காடியின் இடமே வேறு. தாய்ப்பலகையில் வெற்றுச் செருகுவாய் ஒன்று மீதியிருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், கையில் காசு சேர்ந்தபின் இன்னொரு 8 கிகாபைற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது என்பேன். வன்தட்டில் தட்டுகள் சுழல வேண்டும், வாசிக்கும் தலை நகர வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் பாகம் எதுவுமில்லை. இரண்டுமே அழிதகா நினைவகங்கள்தாம். ஆயினும் பழைய கணினியொன்றில் வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. ஐப் போட்டால், தேநீர் ஊற்றிக்கொண்டு வரும்வரை தொடங்கிக்கொண்டிருந்த கணினி ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும். 1 தெராபைற்று வன்தட்டைவிட 256 கிகாபைற்று எஸ்.எஸ்.டி. ஐயே நான் தெரிவுசெய்வேன்.

பாவித்ததா, புதியதா?

நம் நாட்டில் கணினிகள் இறக்குமதிப் பொருள்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டபோது, புதிய கணினி பல வீடுகளுக்கு எட்டாப் பொருளாயிற்று. அதனால் வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்.பி., லெனோவோ கணினிகள் பலரின் தெரிவாயின. கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களில் மட்டுமன்றி நம்மூர்க் கடைகளிலும் இவை உண்டு. இவை திடமாக அமைக்கப்பட்டவை. அதே பணத்தில் வாங்கக்கூடிய மலிவான புதிய கணினியைவிட, எட்டாம் தலைமுறைப் பாவித்த கணினி மேலானது என்பதே என் அபிப்பிராயம். ஒரு குறை, இவற்றின் சிறிய பெட்டிகளில் உள்ள மின்வலு வழங்கி 200 வாற்று அளவினது. பின்னாளில் பெரிய வரைவியல் அட்டை பூட்டும் ஆசை இருந்தால் நடக்காது.

கடையிலேயே இயக்கிப் பாருங்கள். கொன்ட்ரோல், ஷிப்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் தோன்றும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குச் சென்றால் முறைவழியாக்கியின் முழுப் பெயர், கருக்களின் எண்ணிக்கை, நினைவகத்தின் அளவு, எத்தனை செருகுவாய்கள் நிரம்பியுள்ளன, சேமிப்பகம் எவ்வகை என்பன எல்லாம் தெரியும். பெட்டியில் ஒட்டியிருக்கும் வில்லையை நம்பவேண்டாம், இதை நம்புங்கள். கணினியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் இயக்கும்போது திகதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருந்தால் தாய்ப்பலகையின் நாணய வடிவ மின்கலம் முடிந்துவிட்டது. அது மலிவான பொருள்தான். கடைக்காரரையே மாற்றித்தரச் சொல்லலாம். எல்லா யூ.எஸ்.பி. துறைகளிலும் சுட்டியைச் செருகிப் பாருங்கள். உத்தரவாதக் காலத்தையும் மாதிரி இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடுவதிலும் பயனிருக்கும்.

விலைக்குறிப்பில் எழுதப்படாத செலவுகள்

பாவித்த மேசைக் கணினிகள் பலவற்றில் கம்பியில்லா இணைய வசதியோ, ஒளிப்படக்கருவியோ, ஒலிபெருக்கியோ இருக்காது. கைப்பேசியின் இணையத்தைப் பகிர நினைத்திருந்தால் யூ.எஸ்.பி. இல் செருகும் சிறு கருவி ஒன்று வேண்டும். பழைய திரைகளில் வீ.ஜி.ஏ. துறை மாத்திரம் இருக்கலாம். கணினியிலோ எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்பிளேபோர்ட் இருக்கலாம். பொருந்தாவிட்டால் மாற்றி வாங்கவேண்டும். மின்தடையும் இடிமின்னலும் உள்ள நம் ஊர்களுக்குத் தடையில்லா மின்வலு வழங்கி நல்லது. அது மணிக்கணக்கில் கணினியை ஓட்டாது, வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கான சில நிமிடங்களைத் தரும். அதை வாங்க இயலாவிட்டால், மழை இருட்டும்போதே செருகியைக் கழற்றிவிடுங்கள்.

மின்கட்டணத்தையும் கணித்துப் பார்க்கலாம். கணினி 60 வாற்று, திரை 20 வாற்று, நாளுக்கு 4 மணித்தியாலம் என்றால், 80 × 4 × 30 = 9,600 வாற்று மணி. அதாவது மாதம் 9.6 அலகு. மின்பட்டியல் படிமுறையாக உயர்வதால் இந்த அலகுகள் உங்கள் வீட்டை அடுத்த படிக்குத் தள்ளுமா என்று பழைய பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

எட்டாம் தலைமுறைக்குப் பணம் எட்டாவிட்டால்? வெட்கப்பட ஒன்றுமில்லை. நான்காம் தலைமுறை ஐ5, 8 கிகாபைற்று நினைவகம், எஸ்.எஸ்.டி. என்று வாங்கி, உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ற் பணிசெயல் முறைமையை நிறுவுங்கள். இவை இலவசமானவை, தொடர்ந்து இற்றைப்படுத்தப்படுபவை. லிப்ரே ஒபிஸ், ஃப்ரீ பஸ்கால் இரண்டும் அதில் இயங்கும். திருட்டுப் பிரதியைப் பாவித்துக்கொண்டு புலமைச்சொத்து பற்றிய வினாவுக்கு விடை எழுதும் சங்கடமும் இல்லை.

மாதிரி வினா

குடும்பமொன்றிடம் 60,000 ரூபா உண்டு. (விலைகள் வினாவுக்காக அமைக்கப்பட்டவை.)
அ: ஐ7-2600, 3.4 கிகாஹேர்ட்ஸ், 16 கிகாபைற்று டி.டி.ஆர்.3, 1 தெராபைற்று வன்தட்டு, 22 அங்குலத் திரை, 52,000 ரூபா.
ஆ: ஐ3-8100, 3.6 கிகாஹேர்ட்ஸ், 8 கிகாபைற்று டி.டி.ஆர்.4, 256 கிகாபைற்று எஸ்.எஸ்.டி., 19 அங்குலத் திரை, 54,000 ரூபா.
பாடசாலை வேலைக்கும் நிகழ்நிலை வகுப்புக்கும் எது பொருத்தம்? காரணம் தருக.

விடை: ஆ. அதன் முறைவழியாக்கி எட்டாம் தலைமுறையது, விண்டோஸ் 11 நிபந்தனைக்குள் அடங்குவது. எஸ்.எஸ்.டி. இல் அசையும் பாகங்கள் இல்லாததால் தொடங்கும் நேரம் குறைவு. 8 கிகாபைற்று இத்தேவைக்குப் போதும். அ இல் நினைவகமும் கொள்ளளவும் திரையும் பெரியவை எனினும், அதன் முறைவழியாக்கி இரண்டாம் தலைமுறையது. மீதி 6,000 ரூபாவில் முதலில் இணையக் கருவியையும் ஒளிப்படக்கருவியையும் வாங்கலாம். "ஆ வேகமானது" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் புள்ளி கிடைக்காது. எதனால் வேகமானது என்பதை எழுதுக.