பழைய காருக்குப் புதிய பிரேக்

ஓர் அம்பாசிடர் காரை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் அதைப் பேணி வைத்து ஓட்டுவோர் பலர் உண்டு. அதன் பிரேக் தேய்ந்துவிட்டது. உதிரிபாகக் கடைக்காரர் மேசைமீது இரண்டு ஜோடி பிரேக் ஷூக்களை வைக்கிறார். வடிவம் ஒன்று, அளவு ஒன்று, நிறம்கூட ஏறக்குறைய ஒன்றே. விலையில் மட்டும் ஒன்று மற்றதில் பாதி. எதை வாங்குவது? மெக்கானிக் ஒரு விடை சொல்வார். நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் ஒரு விடை சொல்லும்.

பழைய அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள திரவம் அழுத்தப்படுகிறது. பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் குழாய் வழியே சக்கரங்களுக்குப் பரவி, வீல் சிலிண்டரின் பிஸ்டன்களை வெளியே தள்ளுகிறது. அவை இரண்டு ஷூக்களை விரிக்க, ஷூக்களின்மேல் உள்ள லைனிங், சுழலும் வார்ப்பிரும்பு டிரம்மின் உட்புறத்தில் உராய்கிறது. கார் நிற்கிறது.

காரின் இயக்க ஆற்றல் எங்கே போயிற்று? கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களோடு காரின் நிறை 1,400 கிலோகிராம், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் 2,80,000 ஜூல். இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. நான்கு டிரம்களும் சேர்ந்து 28 கிலோகிராம் இருந்து, வெப்பம் முழுவதையும் அவையே ஏற்றாலும், வெப்பநிலை சுமார் 22 டிகிரிதான் உயரும். வகுப்பில் இதைச் சொன்னால், "இவ்வளவுதானா, சார்?" என்பார்கள் மாணவர்கள்.

ஒருமுறை நிறுத்தினால் இவ்வளவுதான். ஆனால் அதே கார் உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு இறங்கட்டும். உயர வேறுபாடு சுமார் 1,900 மீட்டர். இழக்கும் நிலை ஆற்றல் 2 கோடியே 60 இலட்சம் ஜூல். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரை 93 முறை நிறுத்துவதற்குச் சமம் இது! இதில் ஒரு பகுதியைக் காற்றும் என்ஜினும் எடுத்துக்கொள்ளும். அனுபவமுள்ள ஓட்டுநர் கீழ் கியரில் இறக்குவது இதற்காகத்தான். மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது. மலிவான ஷூவும் நல்ல ஷூவும் வேறுபடும் இடம் கடையின் மேசையன்று, இந்தச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள்.

லைனிங் என்பது இழைகளையும் பொடிகளையும் ஒருவகைப் பிசினால் பிணைத்துச் செய்த பொருள். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிசின் சிதைந்து வாயு வெளிப்படும். உராய்வுக் குணகம் குறையும். குணகம் 0.40-லிருந்து 0.20-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். மிதியில் அதே விசை கொடுத்தால் நிறுத்தும் விசை பாதிக்கும் கீழே போய்விடும். 40 மீட்டரில் நிற்க வேண்டிய கார் 80 மீட்டரைத் தாண்டும். குளிர்ந்த நிலையில் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்து, "நன்றாகப் பிடிக்கிறது" என்று சொல்வதில் பொருளில்லை.

வாங்கும் முன்பே இதை அறிய வழியுண்டா? ஓரளவு உண்டு. பல லைனிங்குகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையில் உராய்வுக் குணகத்தைக் குறிக்கும். இரண்டாவது, மிகுந்த சூட்டில். 'டி' என்றால் 0.15 முதல் 0.25 வரை, 'இ' என்றால் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.45 வரை. 'எஃப் எஃப்' என்றிருந்தால் சூட்டிலும் பிடிப்பு அதே வரம்புக்குள் நிற்கிறது. 'எஃப் டி' என்றிருந்தால் மலையில் கைவிடும். இவ்வெழுத்துகள் லைனிங்கின் ஆயுளைச் சொல்வதில்லை. தவிர, எழுத்தை அச்சிட மை போதும், போலிகளிலும் அச்சிடலாம். ஆகவே ரசீது தரும் கடை, முகவரி உள்ள தயாரிப்பாளர் என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

குணகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். டிரம் பிரேக்கில், சுழலும் டிரம்மே முன் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்கிறது. கார் செய்தவர்கள் எண்ணியதைவிட மிகுந்த பிடிப்புள்ள லைனிங்கைப் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இடப்புறம் ஒரு வகை, வலப்புறம் வேறு வகை போட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒரே லைனிங்கைச் சேர்த்தே மாற்றுவது அதனால்தான்.

டிரம் வாங்க ஓர் எளிய கருவி தராசு! வெளித் தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டில் எடை குறைந்தது, அதே வெப்பத்திற்கு அதிகமாகச் சூடேறும். பழைய டிரம்மை லேத்தில் மீண்டும் மீண்டும் கடைந்தாலும் இதே கதைதான். 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் 200 டிகிரி சூடேறினால் விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர் விரியும். ஷூ கூடுதல் தூரம் நகர வேண்டும், மிதி தாழ்ந்துபோகும்.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அன்று. பெரும்பாலும் கிளைக்கால் சார்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 எனும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205° செல்சியசிலும், ஈரம் ஏறிய பின் குறைந்தது 140° செல்சியசிலும் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. இந்த இடைவெளியைக் கவனியுங்கள். சூடேறிய வீல் சிலிண்டரில் திரவம் கொதித்து ஆவியானால், மிதியின் விசை ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். கார் நிற்காது. திறந்து வைத்த டப்பாவை மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

கனிம எண்ணெயைத் தவறி ஊற்றினால் ரப்பர் கப்புகள் ஊதிப் பெருத்துக் கெடும். ஒரு ரப்பர் பேண்டை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். (நெருப்புக்கு அருகில் வேண்டாம்.)

பழைய கார்ப் பிரியர்கள் சிலர், பெட்டி பிரிக்காத முப்பதாண்டுக்கு முந்தைய பாகம் கிடைத்தால் புதையல் கிடைத்ததுபோல் மகிழ்வார்கள். டிரம்முக்கு அது சரி. ரப்பர் கப்புக்கும் ஹோசுக்கும் சரியன்று. ரப்பர் பெட்டிக்குள் இருந்தே முதுமையடைந்து வெடிப்பு விடும். பழைய லைனிங்கில் இன்னோர் ஆபத்து: கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழைய டிரம்மைத் திறக்கும்போது வாயால் ஊதுவதோ காற்றுக் குழாயால் அடிப்பதோ கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

நல்ல பாகமாகவே வாங்கினாலும் புதிய லைனிங் டிரம்மை முதலில் சில மேடுகளில் மட்டுமே தொடும். சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓடிய பிறகே முழுப் பரப்பும் படியும். அதுவரை சமவெளியில் ஓட்டட்டும். ஷூ மாற்றிய மறுநாளே ஊட்டிக்குப் புறப்பட வேண்டாம்.