வெற்றிட எக்கி கொண்டு பிரேக் நீர்மம் மாற்றல்

வெற்றிட எக்கி கொண்டு பிரேக் நீர்மம் மாற்றல் என்பது தானுந்தின் பிரேக் அமைப்பில் உள்ள பழைய நீர்மத்தை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, அவ்விடத்தில் புதியதை நிரப்பும் பராமரிப்பு முறை ஆகும். வழக்கமான முறையில் ஒருவர் பிரேக் மிதியை அழுத்த, மற்றொருவர் சக்கரத்தருகே அமர்ந்து திருகைத் திறந்து மூட வேண்டும். கையால் இயக்கும் வெற்றிட எக்கி இருப்பின் இவ்வேலையை வீட்டில் ஒருவரே செய்யலாம்.

மாற்ற வேண்டிய காரணம்

கடைகளில் பிரேக் ஆயில் என்றே கேட்டு வாங்கினாலும் இது எண்ணெய் அன்று. பரவலாகப் பயன்படும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகைகள் கிளைக்கால் ஈதர்களை அடிப்படையாகக் கொண்டவை. இவை ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையன. இரப்பர்க் குழாய்களின் ஊடாகவும் தொட்டியின் மூடி வழியாகவும் காற்றின் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே சேர்கிறது. டாட் 4 நீர்மத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 °செ ஆக இருத்தல் வேண்டும், ஏறத்தாழ 3.7% நீர் சேர்ந்த நிலையில் அதற்குரிய குறைந்த வரம்பு 155 °செ மட்டுமே.

சமதரையில் ஓட்டும்போது இவ்வேறுபாடு தெரிவதில்லை. உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது போன்ற நீண்ட இறக்கத்தில், பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால், காலிப்பரில் உள்ள நீர்மம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகலாம். நீர்மம் அழுத்தத்திற்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். எனவே மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. இதன் காரணமாகவே பல உற்பத்தியாளர்கள், ஓடிய தொலைவைக் கருதாமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு கூறுகின்றனர். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது நம்பத்தக்கதன்று.

இயங்கும் விதம்

எக்கி நீர்மத்தை இழுக்கிறது என்பது பேச்சு வழக்கே. எக்கி குழாயின் ஒரு முனையில் அழுத்தத்தைக் குறைக்கிறது. மறுமுனையில், தொட்டியின் மீதுள்ள வளிமண்டலம் நீர்மத்தைத் தள்ளுகிறது. 1650களில் மாக்டபர்க் நகரத்தின் ஓட்டோ வான் கெரிக்கே காற்று நீக்கிய இரு அரைக்கோளங்களைக் குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியாததைக் காட்டினார். அவற்றைப் பிணைத்திருந்ததும் இதே அழுத்தமே.

ஆகவே இம்முறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. கடல் மட்டத்தில் அது ஏறத்தாழ 101 கிலோபாசுக்கல். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அதில் முக்கால் பங்கே. மிதியை வலுவாக அழுத்தும்போது குழாய்களில் எழும் அழுத்தமோ இதைப்போல் பல பத்து மடங்கு. நீர்மத்தை மாற்ற வெற்றிடம் போதும். காலிப்பரின் மூலையில் ஒட்டிய காற்றுக் குமிழியை அகற்ற அது சில வேளைகளில் போதாது.

செய்முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றுவதாயின் ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளை வைத்தல் வேண்டும். முதலில் தொட்டியிலுள்ள பழைய நீர்மத்தை எக்கியால் எடுத்துவிட்டு, முத்திரை பிரிக்காத குப்பியிலிருந்து புதியதை நிரப்பலாம். பின்னர் பிளீடர் நிப்பிள் எனப்படும் சிறு திருகில் குழாயை மாட்டி, எக்கிக்கு முன்பாகச் சேகரிப்புக் குப்பியை இணைத்து, வெற்றிடம் உண்டாக்கிய பிறகே நிப்பிளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். புதிய நீர்மம் தெளிவாக வந்ததும், வெற்றிடம் குறையும் முன் நிப்பிளை இறுக்க வேண்டும். தொலைவான சக்கரத்தில் தொடங்குக என்பது பொது விதி. எனினும் குறுக்காகப் பிரித்த இணைப்புடைய வண்டிகளில் வரிசை மாறும் என்பதால் வண்டியின் கையேட்டையே பின்பற்றுதல் நன்று.

வேலை முடியும்வரை தொட்டி ஒருபோதும் வற்றக் கூடாது. வற்றினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று புகும். ஏ.பி.எஸ் அமைப்புக்குள்ளும் காற்று சென்றுவிட்டால், பல வண்டிகளில் அதை நீக்கக் கணினிக் கருவி தேவைப்படும். வண்ணப்பூச்சின் மீது சிந்திய நீர்மத்தை உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

பொய்க் குமிழிகள்

புதிதாகச் செய்வோரைக் குழப்புவது இதுவே. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரையிடுக்கின் வழியே வெளிக்காற்று உறிஞ்சப்பட்டுக் குழாயில் முடிவின்றிக் குமிழிகள் வரும். அவை பிரேக் அமைப்பிலிருந்து வருவன அல்ல. குமிழி நிற்கும்வரை உறிஞ்சுவோம் என்றிருந்தால் குப்பி தீருமேயன்றிக் குமிழி தீராது. நிப்பிளின் அடியைச் சுற்றி வெளிப்புறத்தில் சிறிது சிலிக்கோன் கிரீசு தடவினால் இது குறையும்.

எனவே வேலை முடிந்தது என்பதற்குச் சான்று மிதியே. பொறியை இயக்காமல் பலமுறை மிதித்தால் அது கெட்டியாக நிற்க வேண்டும். அழுத்திப் பிடித்தபடி பொறியை இயக்கினால் மிதி சற்று இறங்குவது இயல்பு; தொடர்ந்து இறங்குவதும், பஞ்சுபோல் இருப்பதும் இயல்பன்று. அவ்வாறாயின் துணைக்கு ஒருவரை அழைத்துப் பழைய மிதி முறையால் காற்றை நீக்க வேண்டும். மிதி கெட்டியாகும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது. எடுக்கும்போதும் முதலில் ஆளில்லா இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

பொறி எண்ணெய் எடுத்தல்

கொள்ளளவு மிக்க எக்கிகளால், டிப்ஸ்டிக் செருகும் குழாயின் வழியே இளஞ்சூடான பொறி எண்ணெயையும் எடுக்கலாம். அடியில் இடமில்லாத படகுப் பொறிகளில் இது வழக்கமான முறை. அடியில் தங்கிய கசடு முழுதும் வராது என்பது இதன் குறை. இதற்குப் பயன்படுத்திய குழாயையும் குப்பியையும் பிரேக் வேலைக்கு எடுக்கலாகாது. கனிம எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் பிரேக் அமைப்பின் இரப்பர் அடைப்புகள் உப்பிக் கெடும். பெட்ரோலை எடுக்க இவ்வெக்கிகளைப் பயன்படுத்துவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.