பதினாறு சுவிட்சுக்கு ஒரு முகவரி



நான்கு மாடிக் கல்லூரிக் கட்டடம் ஒன்று. மாடிக்கு மூன்று நெட்வொர்க் சுவிட்ச் என்றால் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி முகவரி, தனிக் கடவுச்சொல். ஒரு சின்ன மாற்றத்துக்கும் பன்னிரண்டு முறை உள்ளே போய் வர வேண்டும். இதற்கு சிஸ்கோ தன் பழைய கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் கொடுத்த வழிதான் 'கிளஸ்டர்'. ஒரு சுவிட்சைக் கமாண்டர் ஆக்கி, அதற்கு மட்டும் ஐபி முகவரி கொடுத்தால் போதும். மற்றவை உறுப்பினர்கள். கமாண்டரையும் சேர்த்து 16 சுவிட்சுகள் வரை ஒரு கிளஸ்டரில் இருக்கலாம்.

உறுப்பினர்களைக் கமாண்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிஸ்கோ கருவிகள் 'நான் இன்னார்' என்று சிடிபி நெறிமுறை வழியே பக்கத்துக் கருவிக்கு அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் கமாண்டர் பட்டியல் போடுகிறது. வழக்கமாக மூன்று தாவல், அதாவது மூன்று சுவிட்ச் தூரம் வரை தேடும். ஏழு வரை நீட்டலாம்.

அந்தப் பட்டியலிலிருந்து உறுப்பினர்களைச் சேர்த்த பிறகு வேலை எளிது. கமாண்டருக்குள் நுழைந்து 'ஆர்கமாண்ட் 3' என்று தட்டினால், மூன்றாம் எண் உறுப்பினரின் கட்டளை வரிக்குப் போய்விடுவீர்கள். 'எக்ஸிட்' என்றால் மறுபடி கமாண்டர். கமாண்டரின் எண் எப்போதும் 0.

பலர் குழம்பும் இடம் இனிதான் வருகிறது. கமாண்டர் படுத்துவிட்டால் நெட்வொர்க்கே படுத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. டிப்போ மேனேஜர் விடுப்பில் போனால் பேருந்துகள் நிற்பதில்லை. ரூட்டை மாற்றச் சொல்லத்தான் ஆள் இருக்காது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் அமைப்புகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தரவைத் தானே கடத்துகிறது. கமாண்டரின் போர்ட்டுகள் வழியே போகும் இணைப்புகள் மட்டுமே அறுபடும். மற்றபடி நாம் இழப்பது நிர்வாக வசதியைத்தான்.

அந்த வசதியும் போகாமலிருக்க, இன்னொரு சுவிட்சை ஸ்டாண்ட்பை கமாண்டராக வைக்கலாம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெய்நிகர் ஐபி முகவரி இருக்கும். ஹெச்எஸ்ஆர்பி நெறிமுறை வழியே ஒன்று விழுந்ததும் மற்றது அந்த முகவரியை ஏற்றுக்கொள்ளும்.

ஸ்டாக்கிங்கோடு கிளஸ்டரைப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஸ்டாக்கில் தனி கேபிளால் பிணைந்த பெட்டிகள் ஒரே சுவிட்ச் போல இயங்கும். பெரும்பாலும் ஒரே ரேக்கில் இருக்கும். கிளஸ்டரில் அவை தனித்தனிச் சுவிட்சுகளாகவே மாடிக்கு மாடி பிரிந்து கிடக்கலாம்.

ஆபத்து இருப்பது கடவுச்சொல்லில். கிளஸ்டரில் சேரும் சுவிட்ச் கமாண்டரின் கடவுச்சொல்லையே எடுத்துக்கொள்ளும்; விலகிய பிறகும் அதையே வைத்திருக்கும். கழற்றிய சுவிட்சை அப்படியே விற்றால், உங்கள் சாவியையும் சேர்த்து விற்கிறீர்கள். கமாண்டரின் கடவுச்சொல் கசிந்தால் பதினாறும் திறந்துகொள்ளும்.

ஆகவே கிளஸ்டர் அமைக்கும் அன்றே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்: ஸ்டாண்ட்பை ஒன்றை நியமியுங்கள், கடவுச்சொல்லை வலுவாக்குங்கள், முக்கியமான உறுப்பினர்களுக்குத் தனி ஐபி முகவரியும் கொடுத்து வையுங்கள். கமாண்டர் இல்லாத நாளில் அந்த முகவரிதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.